கணக்கில் குறையும் ஆற்றல்

பட்டினச்சேரி மீனவர்கள் நீருக்கடியில் போகும் மீன்கூட்டத்தை நேரில் பார்ப்பதில்லை. மேலே வட்டமிடும் பறவைகளையும் மாறும் நீரின் நிறத்தையும் வைத்தே கண்டுகொள்கிறார்கள். கரும்பொருளும் இப்படித்தான் தெரியவந்தது. விண்மீன் மண்டலங்களின் ஓரத்தில் இருக்கும் விண்மீன்கள் அதிவேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கரும்பொருள் இருக்கிறது. அது எந்தத் துகளால் ஆனது?

இதைத் தேடும் கருவிகளில் ஒன்று ஜப்பானின் சுகுபா நகரில் உள்ள பெல்-2. அங்கே 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சூப்பர்கெக்பி வளையத்தில் 700 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரான்களும் 400 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பாசிட்ரான்களும் எதிரெதிரே வந்து மோதுகின்றன. முதல் மோதல் 2018 ஏப்ரல் 26 அன்று நடந்தது. சென்னை ஐஐடி உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் இதில் பங்கேற்கின்றன. துகள்களின் தடத்தைப் பதியும் சிலிக்கான் உணரியின் நான்காம் அடுக்கு, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்பு.

புரோட்டான்களை விட்டு இவற்றை மோதவிடக் காரணம் உண்டு. புரோட்டானுக்குள் குவார்க்குகளும் குளுவான்களும் இருப்பதால், புரோட்டான்கள் மோதும்போது எந்தத் துகள் எவ்வளவு ஆற்றலோடு மோதியது என்பது முன்கூட்டித் தெரியாது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் உட்கூறு இல்லாத அடிப்படைத் துகள்கள். உள்ளே சென்ற ஆற்றல் துல்லியமாகத் தெரியும். வெளியே வந்ததைக் கூட்டிப் பார்க்கும்போது அது குறைந்தால், ஏதோ ஒன்று உணரியில் படாமல் தப்பியிருக்கிறது. ஒற்றை ஃபோட்டான் மட்டும் பதிவானால், கூடப் பிறந்தது, கரும்பொருளுக்கும் சாதாரணப் பொருளுக்கும் பாலமாகக் கருதப்படும் 'கரும் ஃபோட்டானாக' இருக்கலாம். பதிவான ஃபோட்டானின் ஆற்றலே மறைந்த துகளின் நிறையைச் சொல்லிவிடும். ஆனால் சாதாரண ஃபோட்டான்களும் உணரியின் இடுக்குகளில் நழுவி இதே தோற்றத்தைத் தரும். அவற்றைப் பிரித்தறிவதே பெரும்பாடு.

2018-ஆம் ஆண்டுத் தரவில், இரண்டு மியுவான்களுடன் பிறந்து தடமின்றி மறையும், இதேபோல் பாலமாகக் கருதப்படும் 'இசட் பிரைம்' என்ற துகளைத் தேடினார்கள். அது கிடைக்கவில்லை. 2020-இல் வெளியான அந்த முடிவே பெல்-2 குழுவின் முதல் இயற்பியல் கட்டுரை. அப்படியொரு துகள் இருந்தால், சாதாரணப் பொருளோடு அதன் உறவு எந்த அளவைத் தாண்டமுடியாது என்று அந்தக் கட்டுரை வரம்பு கட்டியது. மோதல்கள் பெருகப் பெருக அந்த வரம்பு இன்னும் இறுகும். துகள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கரும்பொருள் பற்றிய கோட்பாடுகளில் எவை நிற்கும், எவை விழும் என்பதை இந்தக் கணக்கே தீர்மானிக்கும்.