புல்லுருவி மருந்தா? எந்த மரத்துப் புல்லுருவி என்று முதலில் கேளுங்கள்



கருவடிக்குப்பம் பகுதிக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "புல்லுருவிப் பொடி சாப்பிட்டா சர்க்கரை இறங்கும், கேன்சர் கட்டியும் கரையும்னு வீட்டுக்கே வந்து விக்கிறாங்க. வாங்கலாமா?" பக்கத்தில் இருந்தவர் குழுவில் உள்கடன் எடுத்து ஏற்கெனவே வாங்கிவிட்டாராம். கடன் வாங்கிச் சாப்பிடுகிற அளவுக்குப் போய்விட்டதால், இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

குயில்தோப்பு இருக்கிற ஊர் நம்முடையது. மாமரத்தை அண்ணாந்து பார்த்தவர்களுக்குப் புல்லுருவி தெரியாமல் இருக்காது. ஒரு கிளையில் மட்டும் வேறு மாதிரி இலை தடிப்பாக, கொத்தாக இருக்கும். குழல் மாதிரி பூப் பூக்கும். பழத்தைச் சின்னக் குருவி ஒன்று தின்று, பிசின் ஒட்டிய விதையைக் கிளையிலேயே எச்சமாக விட்டுவிடும். அங்கேயே முளைத்து, மரத்துக்குள் உறிஞ்சு வேரை இறக்கும். அடுத்தவர் உழைப்பில் வாழ்கிறவரைப் புல்லுருவி என்று திட்டுகிறோமே, அது பாதிதான் நியாயம்! இலை பச்சையாக இருப்பதால் தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீரும் உப்புச்சத்தும்தான் மரத்திலிருந்து முக்கியமாக எடுக்கிறது.

ஆனால் தண்ணீரோடு வேறு சரக்கும் சேர்ந்து வரும். இதுதான் முக்கியமான விஷயம். அரளிச் செடியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருப்பது நமக்குத் தெரியும். அரளியில் வளர்ந்த புல்லுருவியைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அதே வகை நஞ்சுகள் அதிலும் இருப்பதை 1961-இல் எழுதினார்கள். மாமரத்துப் புல்லுருவியும் அரளிப் புல்லுருவியும் பார்க்க ஒரே செடிதான். காயவைத்துப் பொடி செய்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. விற்பவரிடம் "எந்த மரத்துல பறிச்சீங்க?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. நட்சத்திரம் பார்த்துப் பறித்தது என்று தாயத்துக் கட்டி விற்கிறவர்கள் கதை வேறு, அதை விட்டுவிடுவோம்.

அப்படியானால் இதில் மருந்துக் குணமே இல்லையா? இருக்கிறது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பழைய காலம் முதலே பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்ப் புல்லுருவியில் துவர்ப்புச் சத்தான டானின், குவர்செட்டின், குவர்சிட்ரின், பீட்டா சிட்டோஸ்டீரால் போன்ற பொருட்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். குவர்செட்டின் நாம் தினமும் அரியும் வெங்காயத்திலும் இருக்கிறது. இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தும், கண்ணாடிக் குழாயில் செல்கள் மேல் விட்டும் சோதனை செய்தார்கள். சர்க்கரை, புண், வீக்கம் இவற்றில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் எலிக்கு இறங்கிய சர்க்கரை மனுஷிக்கும் இறங்கும் என்று சொல்லிவிட முடியாது. மனிதர்களுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்கு அந்தச் சோதனைகளில் வரவில்லை.

கேன்சர் பேச்சு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே வளர்வது விஸ்கம் ஆல்பம் என்ற வேறு குடும்பத்துச் செடி. அதில் லெக்டின், விஸ்கோடாக்ஸின் என்ற புரதங்கள் உண்டு. 1917 முதல் அதைக் கேன்சருக்கு ஊசியாகப் போட்டுவருகிறார்கள். ஜெர்மனியில் இன்றும் வழக்கமான சிகிச்சையோடு துணையாகத்தான் தருகிறார்கள். கட்டியைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் அதைக் கேன்சர் மருந்தாக அனுமதிக்கவும் இல்லை. அந்த ஊசியின் பெயரைச் சொல்லி இந்தப் பொடியை விற்பது ஏமாற்று வேலை. மார்பில் கட்டி தெரிந்தால் பொடிக்குக் கொடுக்கிற பணத்தில் பஸ் ஏறிக் கோரிமேடு ஜிப்மருக்குப் போங்கள். மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேதான் இருக்கிறது. தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் கட்டி வளரும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொடவே வேண்டாம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய், சாப்பிடுகிற மாத்திரைகளையும் காட்டிக் கேளுங்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டவருக்கு வாந்தி, தலைசுற்றல், படபடப்பு, நாடி மெதுவாகத் துடிப்பது, கண் மங்குவது என்று ஏதாவது வந்தால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். மீதிப் பொடியையும் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.