64-இலேயே நிற்கும் கட்டுரை 70-ஐத் தாண்டுவது எப்படி?

பிரிட்டனுக்கு மேற்படிப்புக்குப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் பருவத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். ஊரில் 85, 90 என்று வாங்கிப் பழகியிருப்பார்கள். அங்கே ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கு 62 வரும். கூடவே "நன்றாகப் படித்திருக்கிறீர்கள், இன்னும் விமர்சனப் பார்வை தேவை" என்கிற மாதிரி ஒரு வரி. சரி, படிப்பு போதவில்லை போல என்று அடுத்த கட்டுரைக்கு இன்னும் பத்துப் புத்தகம் தேடிப் படித்து எழுதினால்? 64. இந்த இடத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அளவுகோலைப் புரிஞ்சுக்கணும். இளங்கலையில் 70-க்கு மேல் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 50-களில் கீழ் இரண்டாம் வகுப்பு, 40-களில் மூன்றாம் வகுப்பு. முதுகலையில் பொதுவாக 50 எடுத்தால் தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். நூற்றுக்குத்தான் போடுகிறார்கள் என்றாலும் வரலாறு, சமூகவியல், இலக்கியம் போன்ற பாடங்களில் 80-ஐத் தாண்டுவது அபூர்வம். ஆக, 62 மோசமான மதிப்பெண் இல்லை. ஆனால் 62-க்கும் 70-க்கும் நடுவில் உள்ள எட்டு புள்ளிக்குள் ஒருவருடைய அடுத்த நாலு வருஷம் அடங்கியிருக்கலாம். முதுகலை ஒரே வருடப் படிப்பு. முனைவர் பட்ட உதவித்தொகைக்குப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் இருப்பது முதல் பருவக் கட்டுரைகள்தான். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கும் உங்களைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அதிகம் படித்தால் ஏன் மதிப்பெண் ஏறுவதில்லை? இதற்கு நான் பார்த்ததில் தெளிவான விளக்கம் ஜான் பிக்ஸ், கெவின் கோலிஸ் இருவரும் 1982-இல் முன்வைத்த 'சோலோ' வகைப்பாடு. மாணவர் பதில்களை அவர்கள் ஐந்து படியாகப் பிரித்தார்கள். கேள்வியே பிடிபடாதது முதல் படி. ஒரு விஷயம் மட்டும் சொல்வது இரண்டாவது. பல விஷயங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவது மூன்றாவது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஒரு வாதமாக்குவது நான்காவது. அந்த வாதத்தை வைத்துக் கேள்வியையே புதிதாகப் பார்ப்பது ஐந்தாவது. கவனிக்க வேண்டியது இதுதான்: மூன்றாம் படியில் இருப்பவர் இன்னும் பத்து விஷயம் சேர்த்தாலும் மூன்றாம் படியில்தான் இருப்பார். பட்டியல் நீளும், படி மாறாது. நம்ம பரீட்சை முறை பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குத்தான் மார்க் போட்டது. எட்டு பாயின்ட், எட்டு மார்க். அந்தப் பழக்கம் லேசில் விடாது.

உதாரணம் இல்லாமல் இதைப் பேசிப் பயனில்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: '1943 வங்கப் பஞ்சத்துக்கு உணவுப் பற்றாக்குறைதான் காரணமா?'

50-களில் மதிப்பெண் வாங்கும் கட்டுரை இப்படிப் போகும். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது, அரிசி வரத்து நின்றது. அக்டோபரில் புயல். ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று அரசு படகுகளைப் பறிமுதல் செய்தது. போர்க்காலப் பணவீக்கம். பதுக்கல். மாகாணங்களுக்கிடையே தானியப் போக்குவரத்துக்குத் தடை. எல்லாம் உண்மைதான். கடைசியில் "ஆக, பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு" என்று முடியும். கேள்விக்குப் பதில் எங்கே என்று கேட்டால் இல்லை.

60-களில் உள்ள கட்டுரைக்கு அமர்த்தியா சென் தெரியும். 1981-இல் வந்த அவருடைய நூலின் வாதத்தைச் சரியாகச் சொல்லும்: 1943-இன் அரிசி இருப்பு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைவு, பஞ்சமே வராத 1941-ஐவிட அதிகம்கூட, ஆகவே சிக்கல் உணவு இல்லாததில் இல்லை, வாங்க வழியில்லாததில். பிறகு எதிர்த்தரப்பு வரும். 1942-இல் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் தாக்கியதைத் தாவரநோயியலாளர் பத்மநாபன் 1973-இல் எழுதினார். அதை முன்வைத்து மார்க் டாகர், உண்மையிலேயே பெரிய பற்றாக்குறை இருந்தது என்று வாதிட்டார். அப்புறம் முடிவுரை: "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது." ஒழுங்கான கட்டுரை, நிறையப் படித்தது தெரிகிறது. 64. இந்த "இரு தரப்பிலும் நியாயம்" என்ற வாக்கியம் பணிவு மாதிரி தெரியும். தேர்வாளர் கண்ணுக்கு அது தீர்ப்பு சொல்லாமல் நழுவுவது.

70-ஐத் தாண்டும் கட்டுரையும் இதே ஆட்களைத்தான் படித்திருக்கும், ஒருவேளை குறைவாகக்கூட. ஆனால் அது ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கும்: இவர்கள் எதன் மேல் நின்று பேசுகிறார்கள்? சென்னின் 5 சதவீதம் அரசின் விளைச்சல் மதிப்பீட்டிலிருந்து வருவது. அன்றைய வங்கத்தில் அந்த மதிப்பீடு எவ்வளவு நம்பகமானது? பலவீனமானதுதான். சரி, டாகர் காட்டும் ஆதாரம்? பாங்குரா, சின்சுரா என்ற இரண்டு ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சல் கணக்கு. அளந்து எடுத்தது, ஆனால் இரண்டே இடம். ஒரு மாகாணம் முழுக்க அதுதான் நிலை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

இங்கேதான் கட்டுரை திரும்ப வேண்டும். சென்னிடம் இன்னொரு ஆதாரம் இருக்கிறது: விவசாயக் கூலியையும் அரிசி விலையையும் ஒப்பிட்ட கணக்கு. கூலி கொஞ்சம் ஏற, அரிசி விலை பல மடங்கு ஏறியது. இந்தக் கணக்கு விளைச்சல் மதிப்பீட்டை நம்பி நிற்கவில்லை. ஆகவே விளைச்சல் விஷயத்தில் சென் தோற்றாலும், யார் செத்தார்கள் என்ற விஷயத்தில் அவர் தோற்கவில்லை. கிராமத்துக் கூலிகளும் மீனவர்களும் செத்தார்கள். கல்கத்தாவில் மலிவு விலை தானியம் கிடைத்த ஊழியர்கள் பிழைத்தார்கள். அப்படியானால் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: விலை ஏன் ஏறியது? ஏறிய விலை யார் தலையில் விழுந்தது? முதலாவதற்குப் பற்றாக்குறை ஒரு பதிலாக இருக்கலாம், இரண்டாவதற்கு இருக்க முடியாது. இதைத் தொடக்கப் பத்தியிலேயே சொல்லிவிட்டு, மீதிப் பக்கங்களில் நிரூபித்தால் அது வேறு தரம். சென்னை மறுக்கவும் இல்லை, டாகரை மறுக்கவும் இல்லை. ஆனால் இருவரும் எங்கே சரி, எங்கே சரியில்லை என்று சொல்கிறது. 'விமர்சனப் பார்வை' என்று அந்த ஒற்றை வரியில் கேட்டது இதைத்தான். திட்டுவதை இல்லை.

எழுதி முடித்த பிறகு சோதிக்க ஒரு எளிய வழி. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படியுங்கள். அது ஒரு வாதமாக ஓடுகிறதா? "சென் கூறுகிறார்", "டாகர் கூறுகிறார்", "மேலும்", "மற்றுமொரு காரணம்" என்று ஓடினால் அது பட்டியல். பத்திகளை இடம் மாற்றிப் போட்டும் கட்டுரை கெடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். மொழி, மேற்கோள் முறை, சொல் வரம்பு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காக மார்க் போகலாம், அதனால் மட்டும் 70 வராது.

மதிப்பெண்ணில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். வந்த மதிப்பெண்களுக்குள் 30 புள்ளிக்கு மேல் வித்தியாசம்! இன்று இரண்டாம் திருத்துநர், வெளித் தேர்வாளர் என்று கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அப்படியும் 68-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 62-க்கும் 70-க்கும் உள்ளது அப்படியில்லை.

திருத்திய தாள் வந்ததும் எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைப்பது மனித இயல்பு. ரூத் பட்லர் 1988-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்துக் கருத்துப் பெற்றவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. எண் கருத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் ரெண்டு நாள் கழித்து, எண்ணை மறைத்துவிட்டு, ஓரக் குறிப்புகளை மட்டும் படியுங்கள். பிறகு ஆசிரியரைச் சந்திக்கும் நேரத்துக்குப் போங்கள். "ஏன் 64?" என்று கேட்டால் பாவம், அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "நான் விவரிப்பதை விட்டு வாதாட ஆரம்பித்திருக்க வேண்டிய இடம் எந்தப் பத்தி?" என்று கேளுங்கள். பெரும்பாலும் விரலை வைத்தே காட்டுவார்கள்.