படுக்கைப் புண் தடுப்பு: சான்றுசார் வழிகாட்டு நெறிகளைச் செங்கல்பட்டு வட்டாரச் சூழலுக்குத் தகவமைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

படுக்கைப் புண்ணைத் தடுப்பதற்கும் ஆற்றுவதற்குமான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் பெரும்பாலும் மேலைநாட்டு மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நிகழ்ந்த ஆய்வுகளின்மேல் எழுந்தவை. வீட்டுப் பராமரிப்பு மிகுந்த செங்கல்பட்டு வட்டாரத்தில் அவற்றுள் எவற்றை அவ்வாறே ஏற்கலாம், எவற்றை மாற்றியமைக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படுக்கைப் புண், சான்றுசார் மருத்துவம், வழிகாட்டு நெறி, தகவமைப்பு, வீட்டுப் பராமரிப்பு, கருந்தோல்.

முன்னுரை

எலும்பு புடைத்த இடங்களில் அழுத்தம் நீடிக்கும்போதும், தோல் ஒருபுறமும் உள்திசு மறுபுறமும் இழுபடும்போதும் இரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு இறக்கிறது. இதுவே படுக்கைப் புண். முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு முனை ஆகியவை இதற்கு எளிதில் இலக்காகின்றன. பக்கவாதமோ தண்டுவடக் காயமோ உற்றவரைக் கொல்வது பல வேளைகளில் மூல நோயன்று. இப்புண் வழியே பரவும் நோய்த்தொற்றே.

அணுபுரம் குடியிருப்பில் வாழும் அணுசக்தித் துறை ஊழியர் குடும்பங்களுக்கு அருகிலுள்ள கல்பாக்கத்தில் துறைசார் மருத்துவமனை உண்டு. அதே கடற்கரையில் மீனவர் குப்பம் ஒன்றில் பக்கவாதத்தால் சாய்ந்தவர் வீடு திரும்பியபின் அவரைக் கவனிப்பவர் மனைவியோ மருமகளோதான். அவர் படுப்பதும் பாயிலோ கயிற்றுக் கட்டிலிலோதான். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலிநிவாரணப் பராமரிப்பையும் இயன்முறை சிகிச்சையையும் இத்தகைய வீடுகளுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. வீட்டு வாசலை அடையும் பணியாளர் கையில் எந்த நெறி இருக்க வேண்டும் என்பதே இங்கு எழும் வினா.

சான்றும் அதன் வலிமையும்

செவிலியர் டோரீன் நார்ட்டன் 1962இல் ஐந்து கூறுகள் கொண்ட இடர் அளவுகோலை வெளியிட்டார். 1987இல் வந்த பிரேடன் அளவுகோல் புலனுணர்வு, ஈரம், செயல்பாடு, அசைவு, ஊட்டம், உராய்வு என ஆறு கூறுகளை 6 முதல் 23 வரை மதிப்பிடுகிறது. மதிப்பெண் குறையக் குறைய இடர் மிகும். ஐரோப்பிய, அமெரிக்க, பசிபிக் வட்டார அமைப்புகள் இணைந்து 2019இல் வெளியிட்ட பன்னாட்டு நெறி 115 சான்றுசார் பரிந்துரைகளையும் 61 நற்பயிற்சிக் கூற்றுகளையும் கொண்டது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் சான்றின் வலிமை தனியாகவும், பரிந்துரையின் வலிமை தனியாகவும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பாடநூல்களில் காணப்படும் பிழை. சான்று மெலிந்திருப்பினும் தீங்கு குறைவு, பயன் மிகுதி என்றால் பரிந்துரை வலுவாக இருக்கலாம்.

‘இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுக’ என்னும் விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செவிலியர் பயிற்சியில் இது மறுக்கவியலாத கட்டளையாகவே கற்பிக்கப்படுகிறது. ஆயினும் அமெரிக்கா, கனடா நாடுகளின் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2013இல் வெளியிடப்பட்ட சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு, இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளுக்கிடையே புண் தோன்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. அந்த நோயாளிகள் அனைவரும் அடர்நுரை மெத்தையில் படுத்திருந்தனர் என்பதை இங்கு மறத்தலாகாது. இம்முடிவைப் பாயில் கிடப்பவருக்கு நீட்டிக்கச் சான்று இல்லை. 2019 நெறியும் எல்லோர்க்கும் பொதுவான ஓர் இடைவெளியை விதிக்காமல், நோயாளியின் அசைவு, தோலின் நிலை, மெத்தையின் தன்மை ஆகியவற்றை நோக்கித் தீர்மானிக்கச் சொல்கிறது. இரவு முழுதும் தனியொருத்தியாக விழித்திருக்கும் மருமகளுக்கு நுரை மெத்தை கிடைத்தால் அவருடைய உறக்கமும் மீளக்கூடும்; இக்கணக்கு எந்த நெறியிலும் போதிய இடம் பெறவில்லை.

கருந்தோலில் முதல் நிலை

மிகப் பெரிய இடைவெளி வேறிடத்தில் உள்ளது. புண்ணின் முதல் நிலை, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என வரையறுக்கப்படுகிறது. வெளிர்நிறத் தோலில் பளிச்செனத் தெரியும் இச்சிவப்பு, தமிழகத்துக் கருந்தோலில் பல வேளைகளில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ‘சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்’ என மொழிபெயர்த்து அச்சிட்ட துண்டறிக்கை இதனால் பயனற்றுப்போவது மட்டுமன்று, தீங்கும் செய்கிறது: சிவப்பைக் காணாத குடும்பத்தார் அச்சமின்றி இருந்துவிடுவர், தோல் கிழிந்தபின்னரே புண் அறியப்படும்.

கருந்தோலில் வெப்பத்தையும் திசுவின் இறுக்கத்தையும் சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட வேண்டும் என 2019 நெறி கூறுகிறது. நடைமுறையில், ஐயத்திற்குரிய இடத்திலும் அடுத்த இடத்திலும் புறங்கையை மாறி மாறி வைத்துப் பார்த்தல் வேண்டும். கூடுதல் சூடோ குளிர்ச்சியோ, கல்போன்ற இறுக்கமோ சேறுபோன்ற தளர்வோ, வலியோ, சற்றே கருநீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் அவ்விடத்தின்மேல் மீண்டும் படுக்கவிடலாகாது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

வீடுகளில் வழங்கும் சில பழக்கங்களை நெறி வெளிப்படையாகவே விலக்குகிறது. நிறம் மாறிய இடத்தை அழுத்தித் தேய்த்தல், வளைய வடிவத் திண்டு வைத்தல், நீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு அண்டைகொடுத்தல் ஆகியவை அவை. கெண்டைக்காலின் கீழ் நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்துவதே போதும்.

திருமணி தரும் முன்மாதிரி

அழுத்தத்தால் விளையும் புண் பற்றிய அறிவு இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இயங்கிய லேடி வெலிங்டன் தொழுநோய் நிலையத்தை 1955இல் இந்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதற்கு முன்னரே, தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பால் 1940களில் செங்கல்பட்டு வந்து நோயாளிகளைக் கண்ட அறுவை மருத்துவர் பால் பிராண்ட், பின்னர் வேலூரில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். பாதப் புண்ணுக்குக் காரணம் ‘கெட்ட சதை’ அன்று, உணர்விழந்த பாதம் உணராத அழுத்தமே என அவர் நிறுவினார். அழுத்தத்தை நீக்கும் மாவுக்கட்டில் அதே சதை ஆறியது. அச்சான்று ஏட்டளவில் நிற்காமல், நுண்ணறை ரப்பர் அடித்தட்டுக் காலணியாக உள்ளூரில் உருப்பெற்றது.

அக்காலணிக்கு நிகரான ஒன்று படுக்கைப் புண்ணுக்கு இன்னும் தேவைப்படுகிறது. நெறியைத் தகவமைக்கும் குழுவில் மருத்துவரோடும் செவிலியரோடும் வீட்டில் பராமரிக்கும் பெண்களும் இடம்பெற வேண்டும். வரைவை மதிப்பிட 23 கூறுகள் கொண்ட ‘அக்ரீ-2’ கருவி உள்ளது. பயனாளிகளின் கருத்து கேட்கப்பட்டதா என்பதும் அக்கூறுகளுள் ஒன்று. முதற்கட்டமாக, புறங்கைச் சோதனையைக் களப்பணியாளர் இருவர் ஒரே நோயாளியிடம் தனித்தனியே செய்து, அவர்தம் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என அளந்தறிய வேண்டும்.