பகை இரண்டு, களம் ஒன்று

ஓருடலில் இரு நோய்கள் ஒருங்கே புகுந்தால் துன்பம் இரட்டிக்கும் என்பது உலகோர் கணக்கு. வைரசு நோய்களிலோ ஒன்றும் ஒன்றும் கூடி எப்பொழுதும் இரண்டாவதில்லை. அவ்வுண்மையைத் தெளிவிப்பது கணிதமாகும்.

குளம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வாய்க்காலால் நீர் வருகின்றது. மதகால் நீர் போகின்றது. வரவும் செலவும் ஒத்திருப்பின் மட்டம் அசையாது; கரையில் நிற்பவன் குளம் உறங்குகின்றது என்பான். வாய்க்காலை அடைத்தாலன்றோ போக்கின் வேகம் புலப்படும்! எச்.ஐ.வி. தொற்றியோரின் குருதியில் அவ்வைரசின் அளவு நெடுங்காலம் பெரிதும் மாறாதிருப்பதுண்டு. மருத்துவர் டேவிட் ஹோ, கணிதவழி உயிரியல் ஆய்வாளர் அலன் பெரெல்சன் முதலியோர் மருந்தினால் வரவை அடைத்து, அளவு குறையும் வேகத்தைச் சமன்பாட்டில் இட்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரங்கோடி வைரசுகள் தோன்றி மடிகின்றன என்னும் விடை 1996 இல் வெளியாயிற்று. அசையாத மட்டத்தின் அடியில் ஓயாத போர் நிகழ்ந்தமை அதனாற் புலனாயிற்று.

இத்தகைய மாதிரியுரு எளிய நிலையில் மூன்று பொருள்களையே கணிக்கும்: நலமுள்ள கலங்கள், தொற்றிய கலங்கள், வெளியே திரியும் வைரசுகள். இரண்டாம் வைரசு புகுமாயின் அதற்கெனத் தனிச் சமன்பாடுகள் கூடும். நலமுள்ள கலங்களோ இரண்டுக்கும் பொது. ஒரு புல்வெளியில் இரு மந்தைகள் மேய்வதை இஃது ஒக்கும். சுவாசத் தொற்று வைரசுகள்பற்றி 2016 இல் வெளிவந்த மாதிரியுரு ஒன்று, விரைந்து பெருகுவது மற்றதை அடக்கிவிடும் எனக் காட்டிற்று.

இனி, ஈரலை நோக்குவோம். ஈரலழற்சி தரும் 'பி', 'சி' என்னும் இரு வைரசுகளும் ஒருவரிடம் சேர்ந்திருப்பின், பெரும்பாலும் 'சி' மற்றதை அடக்கி வைத்திருக்கும். கலப்போட்டி மட்டுமன்றி உடலின் எதிர்ப்பாற்றலும் இதிற் கலந்துள்ளமையால், கணக்கு இன்னும் சிக்கலாகின்றது. 'சி' வைரசை ஒழிக்கவல்ல புதிய மருந்துகள் வந்தபோது நோயாளர் மகிழ்ந்தனர். ஆயின் சிலரிடத்து, 'சி' ஒடுங்கவே 'பி' தலைதூக்கிற்று. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2016 ஒற்றோபரில் எச்சரிக்கை விடுத்தபோது அத்தகையோர் 24 பேரைச் சுட்டிற்று. அவருள் இருவர் மாண்டனர். ஒருவருக்கு ஈரல்மாற்றுச் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. 'சி' நோய்க்கு மருந்து தொடங்குமுன் 'பி' தொற்று உண்டோ என எல்லோரையும் சோதிக்குமாறு அவ்வெச்சரிக்கை பணித்தது.

ஒரு மந்தையை ஓட்டினால் புல் யாருக்காகும் என்பதே இங்கு எழும் வினா. அதனை முன்கூட்டிக் கேட்கச் செய்வதே மாதிரியுருவின் பயன். எந்த மருந்தை முதலிற் கொடுப்பது, எதனை உடன் கொடுப்பது, எத்துணை நாள் காவல் வைப்பது என்பனவெல்லாம் அவ்வினாவின் கிளைகள். நுண்கணிதம் எதற்கு உதவும் எனக் கேட்கும் மாணாக்கர்க்கு ஆசிரியர் இந்த 24 பேரின் வரலாற்றைச் சொல்வாராக.