சுவரின் தடிப்பு 6 மில்லிமீட்டர்

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையில் காட்டுக்குள் ஒரு வீடு வரும். சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. அந்தக் கூரை ஏன் சரிந்து விழவில்லை என்று கதையில் யாரும் கேட்பதில்லை. கதை பரவியதும் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இஞ்சி ரொட்டியில் குட்டி வீடு செய்வது வழக்கமாகிப் போனது. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களோடு அதுவும் கப்பலேறியது. நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் செய்து தரும் வீடுகளைச் சேர்த்து ஒரு ரொட்டி நகரத்தையே எழுப்பிவருகிறார்கள். கதையில் எழாத அந்தக் கூரைக் கேள்வி, இந்த ஊர்களில் டிசம்பர் வந்தால் சமையலறை மேடையில் எழுந்துவிடும்.

கடையில் விற்கும் பெட்டியை வாங்கினால் வெட்டிய துண்டுகளே கைக்கு வந்துவிடும். தாங்கள் குடியிருக்கும் வீட்டையே, அதே வாசல், அதே மாடி ஜன்னலோடு ரொட்டியில் செய்ய ஆசைப்படும் குடும்பத்துக்குத்தான் வரைபடம் வேண்டும். அட்டையை வெட்டி ஒட்டிப் பார்ப்பது பழைய வழி. இப்போது வீட்டில் யாராவது ஒருவர் ஃப்ரீகேட், ஃபியூஷன், ஸ்கெட்ச்அப் என்று எதையாவது திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார். எந்திர பாகங்களும் கட்டடங்களும் வடிவமைக்கும் மென்பொருள் பிஸ்கட்டுக்கா என்று சிரிப்பு வரலாம். என்னைக் கேட்டால், அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்பது எந்திரத்தைவிட பிஸ்கட்டில்தான் சுலபமாகப் புரியும்.

சின்ன வீடாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 16 செ.மீ., நீளம் 20 செ.மீ., பக்கச் சுவரின் உயரம் 12 செ.மீ., கூரைச் சரிவு 45 பாகை. காகிதத்தில் இதை வரைவது பள்ளிக்கூட வடிவகணிதம்தான். ஆனால் காகிதத்தில் கோட்டுக்குத் தடிப்பு கிடையாது, ரொட்டிக்கு உண்டு. 6 மி.மீ. தடிப்பு என்று வைத்தால், முன்சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் நிற்கும் பக்கச் சுவர் 20 செ.மீ. இருக்க முடியாது. இரண்டு பக்கமும் 6 மி.மீ. போக 18.8 செ.மீ.தான். 45 பாகைச் சரிவில் இரண்டு கூரைப் பலகைகளும் முகட்டில் செங்கோணத்தில் சந்திக்கின்றன. ஒன்றின் விளிம்பை மற்றொன்று மூட வேண்டுமானால் ஒரு பலகை மற்றதைவிடச் சரியாக 6 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவாக வெட்டிவிட்டு, முகட்டில் விழும் பள்ளத்தை மிட்டாய் வைத்து மறைத்த வீடுகள் உலகில் எத்தனையோ!

கூரை சுவரில் உட்காரும் இடம் இன்னும் நுட்பமானது. சுவரின் மேல்விளிம்பு தட்டை, கூரையோ சாய்வு. அதனால் பலகை சுவரின் வெளி ஓரத்தை மட்டும் தொடும். உள் ஓரத்தில் 6 மி.மீ. இடைவெளி விழும். மென்பொருளில் வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்தக் குட்டி முக்கோணம் பளிச்சென்று தெரியும். விளிம்பைச் சாய்வாகச் சீவலாம், ஐசிங்கால் நிரப்பலாம். எதைச் செய்வதென்று மாவு பிசைவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

இதோடு நின்றால் இது நல்ல வரைபலகை, அவ்வளவுதான். வித்தையே அடுத்த படியில் இருக்கிறது. பக்கச் சுவரின் நீளம் 18.8 என்று எழுதாமல், ‘மொத்த நீளத்தில் இரண்டு தடிப்பைக் கழி’ என்று எழுதிவிடலாம். எண் போய் உறவு வந்துவிடுகிறது. வெந்து வந்த ரொட்டியை அளந்தால் உப்பி 8 மி.மீ. ஆகியிருக்கிறதா? தடிப்பு என்ற ஒரே கட்டத்தில் 8 என்று தட்டினால் பக்கச் சுவர் 18.4 செ.மீ. ஆகும், கூரைப் பலகை 2 மி.மீ. வளரும். மூத்த பிள்ளை ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னாலும் வீடு முழுவதும் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.

இந்த யோசனைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைச் சமர்ப்பித்தார். டி.எக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப் பேனாவால் கோணல்மாணலாக நாலு கோடு இழுத்துவிட்டு, ‘இவை இணையாக இருக்க வேண்டும், இவை சம நீளம்’ என்று நிபந்தனை விதித்தால் படம் தானாக நிமிர்ந்துகொள்ளும். பாலம் ஒன்றை வரைந்து, அதன் ஒவ்வொரு கம்பியும் தாங்கும் விசையைத் திரையிலேயே எண்ணாகக் காட்டவும் செய்தார். 1980-களின் பிற்பகுதியில் வந்த புரோ/என்ஜினியர் இந்த உறவு முறையைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோனது. இன்று அது இலவசமாகவே கிடைக்கிறது.

துண்டுகளை அச்சடிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். ஓரத்தில் 10 செ.மீ. கோடு ஒன்றையும் வரைந்து, தாளில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி மாவு. இதற்கு நிபந்தனை விதிக்க முடியாது. ஓவனில் வெண்ணெய் முதலில் உருகும், மாவுச்சத்தும் புரதமும் இறுகுவது அதற்குப் பிறகு. அந்த இடைவேளையில் பலகை மெல்லப் பரவும். சோடா சேர்த்திருந்தால் உப்பவும் செய்யும். அதனால் வீடு கட்டும் மாவில் சோடாவைக் குறைப்பார்கள், அல்லது போடவே மாட்டார்கள். வெட்டிய துண்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்கிவிட்டே வேக வைப்பார்கள். வெந்து வெளியே வந்ததும் சூட்டோடு தாள் அச்சை மறுபடி மேலே வைத்து ஓரங்களைச் சீவிவிடுவார்கள். ஆறவிட்டால் கதை முடிந்தது. ரொட்டியில் உள்ள சர்க்கரை சூட்டில் பாகாக இளகியிருக்கும், ஆறியதும் கண்ணாடி போல் கெட்டியாகிவிடும். கடலை மிட்டாயைச் சூட்டிலேயே வில்லை போடுகிறோமே, அதே காரணம்தான்.

இவ்வளவு செய்தாலும் ஒரு மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் போகத்தான் செய்யும். கணினிக்குப் பத்து தசமம் வரை துல்லியம் உண்டு, ரொட்டிக்கு ஒன்றுகூடக் கிடையாது. இங்கேதான் தேர்ந்த வடிவமைப்பாளரை அடையாளம் காணலாம். பிசகை ஒழிக்க அவர் மெனக்கெடுவதில்லை, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்கிறார். நம் பக்கச் சுவரின் இரண்டு முனையிலும் 1 மி.மீ. ஐசிங்குக்கென்று விட்டு, 18.4-ஐ 18.2 ஆக்குகிறார். பட்டறையில் டாலரன்ஸ் என்பது இதைத்தான். முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த ஐசிங், நீர் ஆவியாக ஆகச் சர்க்கரை படிகமாகி இறுகும். நெளிந்த ஓரம், குறைந்த ஓரம் எல்லாவற்றையும் அது விழுங்கிக்கொள்ளும்.

கடைசியில் கூரை. இரண்டு பலகைகளும் முகட்டில் ஒன்றோடொன்று சாய்ந்து, கீழே பக்கச் சுவரில் மட்டும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 300 கிராம் என்றால், 30 பாகைச் சரிவில் சுவரை வெளியே தள்ளும் விசை சுமார் 260 கிராம் எடைக்குச் சமம். 45 பாகையில் 150, 60 பாகையில் 87. சரிவு கூடினால் பலகை நீண்டு எடையும் ஏறும் என்பதால் லாபம் முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் லாபம்தான். முக்கோண முகப்புச் சுவர்களும் கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். வீட்டை எல்லாப் பக்கமும் இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகும், ஒட்டும் பரப்போ நான்கு மடங்குதான். பெரிய வீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐசிங் ஈரமாக இருக்கும்வரை இந்தத் தள்ளலைத் தடுக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் சுவர்களை முதலில் ஒட்டி, ஓர் இரவு காயவிட்டுக் கூரையை ஏற்றுகிறார்கள். ஏற்றிய பிறகும் பலகை வழுக்காமல் இறவாரத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு. சுவர் 12 செ.மீ., இறவாரம் சரிவில் 2 செ.மீ. நீண்டால் அதன் அடிவிளிம்பு 10.6 செ.மீ. உயரத்தில் நிற்கும். சமையலறை அலமாரியில் அந்த உயரத்துக்கு ஒரே மாதிரி நாலு டின் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சுவரின் உயரம் என்ற கட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போயிற்று.