அடிநூல்

தொடக்கநிலை மூன்று படிக்கும்போது பள்ளி விட்டதும் நான் நேரே போவது சிங்கப்பூர்த் தேக்கா சந்தைக் கட்டடத்தின் மாடிக்கு. கீழே மீன், இறைச்சி, சாப்பாட்டுக் கடைகளின் இரைச்சல். மேலே வரிசையாகத் துணிக்கடைகள், தையற்கடைகள். 1982இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு அப்போது ஜூஜியாவ் சென்டர் என்று பெயர். எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். 2000இல் கட்டடத்தின் பெயரே தேக்கா என்று மாறியது. அந்த மாடியில் அம்மா ஒரு மிதி மிஷினும் ஒரு வெட்டு மேசையும் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். மிஷினுக்கு வலப்பக்கம் ஒரு முக்காலி. அது என் இடம். பாபினில் அடிநூல் சுற்றுவது என் வேலை.

அம்மா கொக்கி வைக்கவோ கைத்தையல் போடவோ எழுந்த நேரத்தில்தான் மிஷின் எனக்குக் கிடைக்கும். முதலில் சக்கரத்தின் நடுக்குமிழைத் திருகித் தளர்த்த வேண்டும். அப்போதுதான் மிதித்தால் சக்கரம் சுற்றும், ஊசி அசையாமல் நிற்கும். நூலின் நுனியைப் பாபினின் ஓட்டை வழியாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரப்பர் வளையம் போட்ட குட்டிச் சக்கரத்தைப் பெரிய சக்கரத்தோடு ஒட்டவைத்து மிதிப்பேன். நாலு சுற்று விழுந்ததும் நுனியை நறுக்க வேண்டும். அதற்குப்பின் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு பக்கம் மேடாகி மறுபக்கம் பள்ளமானால் அம்மா அதை அப்படியே என் மடியில் போடுவார், அவிழ்த்து மறுபடி சுற்று என்று. விளிம்புவரை நிரப்பினாலும் தவறு. உறைக்குள் உரசி நிற்கும். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

சுற்றி முடித்ததும் பரீட்சை. பாபினைக் கேஸ் என்ற அதன் உறையில் போட்டு, நூலைக் கீற்று வழியாக வில்லுக்கு அடியில் நுழைத்து, நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுவார் அம்மா. கடகடவென்று இறங்கினால் இளக்கம். லேசாக ஓர் உதறு உதறினால் ஓர் அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். வில்லின் மேலுள்ள பொடி ஆணியைச் சின்னத் திருப்புளியால் கால் சுற்று திருப்புவார்.

லேஸ் வைக்கும் நாளில் இந்தப் பரீட்சை இரண்டு மூன்று தடவை நடக்கும். ரவிக்கைத் துணி கொஞ்சம் இழுப்பைத் தாங்கும், லேஸ் தாங்காது. அதில் பாதிக்குமேல் ஓட்டைதான். அடிநூல் இறுகினால் சுருங்கிச் சுருக்குப் பையாகும். இளகினால் அடியில் கொத்துக் கொத்தாக நூல் தொங்கும். ஊசி 9 அல்லது 11, நூலும் மெல்லியது. லேஸ் மிஷினின் பல்லுக்குள் இழுபடாமல் இருக்க அடியில் தாள் வைப்பார். நாளிதழ் ஆகாது, மை ஒட்டும். சீனர் கடைகளில் சும்மா கொடுக்கும் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, எழுத்தில்லாத பக்கம் மேலே வரும்படி வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு உதிர்த்தெடுப்பார். தைத்த லேஸை அம்மா முதலில் பார்ப்பது மறுபக்கத்தைத்தான்.

மறுபக்கம் பார்க்கும் இந்தப் பழக்கம் ஆச்சியிடமிருந்து வந்தது. ஆச்சி இடையன்குடிப் பக்கம். சிறுமியாக இருந்தபோது தலையணையில் லேஸ் பின்னியவர். அந்தக் கலை தமிழகத்தின் தென்கோடிக்கு வந்தது மிஷனரிப் பெண்களோடு. 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் நமக்கெல்லாம் தெரியும். அதே வீட்டுப் பெண்மணி சொல்லிக்கொடுத்த வேலையில் எத்தனை குடும்பங்கள் கஞ்சி குடித்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. நாகர்கோவிலில் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855இல்தான். அதற்கு முன்பே நூலால் அவிழ்த்த கட்டு அது.

அதற்குச் சற்று முன்பு இங்கிலாந்தில் கதை எதிர்த்திசையில் ஓடியது. ஜான் ஹீத்கோட் 1808இலும் 1809இலும் காப்புரிமை வாங்கிய வலை பின்னும் இயந்திரம் கைலேஸ்காரர்களின் பிழைப்பில் கைவைத்தது. 1816இல் இயந்திர எதிர்ப்பாளர்கள் லௌபரோவிலிருந்த அவர் ஆலைக்குள் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தார்கள்.

ஆச்சியின் பாபின் மரக்கட்டை. கழுத்து மெலிந்து, தலையில் ஒரு குமிழ். எப்போதும் சோடியாகத்தான் சுற்ற வேண்டும். ஒரே நூலின் ஒரு முனை ஒரு கட்டையில், மறுமுனை இன்னொன்றில், நடுவில் முடிச்சே கூடாது. அந்த நடுவைக் குண்டூசியில் மாட்டித் தலையணையில் தொங்கவிட வேண்டும். கட்டை தானாக அவிழாதிருக்கத் தலையில் ஒரு சுருக்கு. நூல் நீளம் போதாவிட்டால் கட்டையைச் சாய்த்து உருட்டினால் சுருக்கு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வேலை இரண்டே அசைவுதான்: குறுக்கே போடு, முறுக்கு. நாலு நாலு கட்டையாகக் கையில் எடுத்து இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் பூ விழும். ஆச்சி கையில் அந்தக் கட்டைகள் உருளும் சத்தத்தை நான் கேட்டதில்லை, அவர் சொல்லக் கேட்டதுதான். “வேர்த்த கையோட சுத்தாத, நூல் கறுத்துப்போவும்” என்று என்னிடமும் சொல்வார்.

ஆச்சி லேஸ் என்று சொல்லமாட்டார், ரேந்தை என்பார். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அடுத்த கதவில் மக்சிக் என்று நாங்கள் அழைத்த ஒரு மலாய்ப் பெண்மணி இருந்தார். ஆச்சிக்கு மலாய் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஒருநாள் அவருடைய கெபாயா மேலாடையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து ஆச்சி “ரேந்தை” என்றார். மக்சிக் கண் விரிய, “ரெண்டா, ரெண்டா” என்றார். இரண்டு சொல்லும் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை என்று பிற்பாடு படித்தேன். அன்று முதல் இருவரும் கதவோரம் உட்கார்ந்து ஒருவர் துணியை ஒருவர் திருப்பிப் பார்ப்பார்கள். பெரனாக்கான் பெண்கள் ஒரு காலத்தில் ஐரோப்பிய லேஸைக் கெபாயா ஓரத்தில் வைத்தார்கள். பிறகு தையல் மிஷினிலேயே பூவேலை செய்யப் பழகினார்கள். அதிலும் அடிநூல் பாபின்தான். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நான் நினைத்துக்கொண்டது அந்தக் கதவோரத்தை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை, வெள்ளை லேஸ். அவசரத்தில் பாபினில் மிச்சமிருந்த சந்தன நிற நூலை எடுக்காமல் அதன்மேலேயே வெள்ளையைச் சுற்றிவிட்டேன். கைவிளிம்பில் பாதி வரும்வரை வெள்ளை, பிறகு அடியில் சந்தனம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மா திருப்பிப் பார்த்தார். அன்று இரவு விளக்கடியில் குண்டூசியால் நாலு சாண் தையலை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தோம். திட்டவில்லை. மறுநாள் வேறொரு டப்பா கொண்டுவந்து, மிச்சநூல் பாபின்களைப் போட அதைத் தனியாக வைத்தார்.

இப்போது அந்த மாடியில் முக்காலி கிடையாது. மின்சார மிஷின் வந்ததும் நூல் சுற்றும் வேலை தையலோடு தையலாகப் பக்கத்திலேயே தானாக நடந்தது. அதற்குப் பின் ஆலையிலேயே சுற்றி 144 பாபின்களாகப் பெட்டியில் வருவதும் வந்துவிட்டது. தையற்காரருக்கு நிச்சயம் ஆசுவாசம். அம்மாவின் இடுப்புவலி எனக்குத் தெரியும், இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் கணக்குப் பாடம் படிக்கும் நேரத்தில் நூல் சுற்ற வேண்டியதில்லை என்பதும் நல்லதே.

லேஸும் மாறிவிட்டது. கரையும் துணியின்மேல் இயந்திரம் பூ தைத்து, பிறகு தண்ணீரில் அந்தத் துணியைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது லேஸ். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். அழகாகவே இருக்கிறது. எனக்கு ஒப்பாதது ஒன்றுதான். பெட்டியில் வரும் பாபின் பெரும்பாலும் வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு. சந்தன லேஸுக்கு மேலே சந்தன நூல், அடியில் வெள்ளை என்று ஓட்டிவிடுகிறார்கள். அன்று விடிய விடியப் பிரித்த தவறு இன்று வழக்கம். திருப்பிப் பார்ப்பவர் இல்லாததால் அது தவறாகவும் தெரிவதில்லை.

2023இல் சீரமைப்புக்காகச் சந்தையை மூன்று மாதம் மூடித் திறந்தார்கள். அதற்கப்புறம் ஒருநாள் அம்மாவை மாடிக்கு அழைத்துப் போனேன். பேத்தியின் ரவிக்கைக்கு லேஸ் வைக்கக் கொடுத்திருந்தோம். தைத்துக்கொண்டிருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி. அம்மா கைவிளிம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரம் மெல்லச் சுருங்கியிருந்தது. “தம்பி, அந்தக் கேஸக் கொஞ்சம் எடுங்க” என்றார். அவர் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். அம்மா நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஓர் உதறு உதறினார். இறங்கவில்லை. இன்னொரு தடவை உதறினார். பிறகு கேஸை உள்ளங்கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சின்னத் திருப்புளி இருக்கிறதா என்று கேட்டார்.