தணிகை காட்டும் காதல் நெறி

வேலுக்கும் நூலுக்கும் பேர்பெற்ற ஊர் திருத்தணி. மலைமேல் வீற்றிருப்பவன் வேலேந்திய வீரன். மலையடியில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் தத்துவப் பேரறிஞர் டாக்டர் இராதாகிருஷ்ணன். இத்தகைய ஊரில், கல்லூரியே கொண்டாடும் ஓட்டப்பந்தய வீரன் ஒருவனும், நூலகமே கதியெனக் கிடக்கும் கூச்சமுள்ள மாணவி ஒருத்தியும் ஒருவரையொருவர் விரும்பினால் அதில் வியப்பென்ன? வியப்பதை விட்டு, அந்த அன்பு எந்நெறியில் நிற்க வேண்டும் என்று ஆராய்வோம்.

‘செரு’ என்றால் போர். சூரனோடு பொருத சினம் தணிந்த இடமாதலால் செருத்தணி. அதுவே திருத்தணியாயிற்று என்பர். கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கு மலர் வழிபாடே நடைபெறுகிறது. கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணமும் போரோடு முடியவில்லை. வள்ளி திருமணத்தோடுதான் முடிகிறது.

அக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. சூரனை வென்றவன் தினைப்புனத்துக்கு வெற்றி வீரனாக வரவில்லை. வேடனாகவும் கிழவனாகவும் வந்தான். வேங்கை மரமாகவும் நின்றான். வென்ற புகழைக் காட்டி அவள் மனத்தைக் கேட்கவில்லை. மைதானத்துக் கைதட்டல் மைதானத்தோடு நிற்க வேண்டும். கோப்பையைக் கண்டு வரும் மயக்கம் காதல் ஆகாது. கூச்சமுள்ளவளின் மௌனம் சம்மதமும் ஆகாது; செருக்கும் ஆகாது.

இருவேறு இயல்பினர் பொருந்துவரோ என்று சிலர் ஐயுறலாம். தொல்காப்பியம் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புமைகளைக் கூறுகிறது. நிறை, அருள், உணர்வு ஆகியவை அவற்றுள் அடங்கும். இருவருக்கும் ஒரே திறமை இருக்க வேண்டும் என்று அது விதிக்கவில்லை. 1984 ஒலிம்பிக்கில் நூறில் ஒரு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்ட பி.டி. உஷாவை அறிந்த நாடு இது. ஓடுபவள் பெண்ணாகவும், புத்தகப் புழு ஆணாகவும் இருக்கலாம் அன்றோ? கூச்சம் பெண்ணுக்கு மட்டும் உரிய சொத்தன்று.

ஆனால் இழப்பு மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. காதல் வெளிப்பட்டதும் தலைவியை வீட்டில் அடைத்து வைப்பதைச் சங்க இலக்கியம் ‘இற்செறிப்பு’ என்கிறது. வள்ளியும் தினைப்புனத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். இன்றைய இற்செறிப்பு, பெண்ணின் படிப்பை நிறுத்துவது. ஊர் வாயில் ஒரு பேச்சு எழுந்தால், அவன் மறுநாளும் மைதானத்தில் ஓடுவான். அவளுக்கோ பேருந்துக் கட்டணம்கூட வீட்டில் கிடைக்காமற் போகலாம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவளுக்கு அது ஓராண்டு இழப்பன்று, வாழ்நாள் இழப்பு.

ஆகவே, உண்மையாக விரும்புகிறவன் தன் நண்பர் குழாத்தில் அவள் பெயரைப் பேச்சுப் பொருளாக்க மாட்டான். அவளுடைய தேர்வுக்குத் தன் அவசரத்தைத் தடையாக்க மாட்டான். அவள் ‘வேண்டாம்’ என்றால் அதையும் மதிப்பான். அவளும் அவனுடைய பயிற்சி நேரத்தைத் தன்மேல் கொண்ட அன்புக்குப் போட்டியாக எண்ணமாட்டாள். வேலவனும் வள்ளியும் இரவில் மறைந்து சென்றார்கள்; எனினும் இறுதியில் ஊர் திரும்பிப் பெற்றோர் முன்னிலையில் மணம் முடித்த பின்னரே தணிகை வந்தார்கள் என்கிறது புராணம்.

மாணவ நண்பர்களே! வெல்வதற்கு வேகம் வேண்டும். விரும்புவதற்குப் பொறுமை வேண்டும். அவள் கையில் பட்டம் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவனே காதலிலும் வீரன்.